மழைமேல் பழி போடாதீர்கள்

இயற்கைச் சீற்றம், இயற்கைச் சீற்றம் என்று எழுதி எழுதிப் பத்திரிகைக்காரர்களுக்குக் கை வலிக்கவில்லை. வாசித்து வாசித்து நமக்கும் உறைக்கவில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் விழுங்க எனக்கு வராது. சீற்றம் என்றால் கோபம். கோபம் என்றால் ஒரு ஆள்மேல் வரவேண்டும். மலைக்கு யார்மேல் கோபம்? மேட்டில் பங்களா கட்டி உட்கார்ந்த துரைமேல் வராத கோபம், பள்ளத்தில் ஓடைக்கரை லயத்தில் கிடக்கிற சனத்தின்மேல் மட்டும் எப்படி வருகிறது? மலைக்கும் சாதி தெரியுமா?

மலைக்குத் தெரியாது. லயத்தை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தவனுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான சாட்சியம்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி. ராத்திரி பதினோரு மணி ஆகப்போகிற நேரம். இடுக்கி மாவட்டம், மூணாறுக்கு அப்பால், ராஜமலையைத் தாண்டிப் பெட்டிமுடி. அன்று ஒரு நாளில் அங்கே 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. மேலே காட்டோரத்திலிருந்து மண்ணும் பாறையும் ஓடை வழியாக இறங்கி நாலு லயத்தை வாரிக்கொண்டு போனது. செத்தவர்கள் 70 பேர். அதில் நாலு பேருக்கு உடம்புகூடக் கிடைக்கவில்லை. சேதி வெளியே தெரிந்தது மறுநாள் காலையில். வழியில் பெரியவரைப் பாலம் 2018 வெள்ளத்திலேயே போய்விட்டது. மாற்றாகப் போட்ட தற்காலிகப் பாலத்தையும் இந்த மழை கொண்டு போனது. மீட்க வந்த வண்டி வந்துசேரவும் வழியில்லை.

செத்தவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாக மூணாறில் கொளுந்து கிள்ளுகிற தமிழர்கள். பெரும்பாலோர் தலித்துகள். கயத்தாறுப் பக்கத்துச் சேரிகளிலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறிய குடும்பங்களின் பேரன் பேத்திகள்.

மறுநாள், ஆகஸ்ட் 7, கோழிக்கோட்டில் விமானம் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்தது. 21 பேர் செத்தார்கள். முதலமைச்சர் அடுத்த நாளே அங்கே போய் நின்றார். பெட்டிமுடிக்கு அவர் வந்தது 13ஆம் தேதி. கேரள அரசு அறிவித்த பணம், விமானத்தில் செத்தவருக்கு 10 லட்சம், லயத்தில் செத்தவருக்கு 5 லட்சம். விமானத்தில் வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. வளைகுடாவில் உழைத்துவிட்டு வீடு திரும்பிய சனம் அது. அரசாங்கத்தின் தராசைச் சொல்கிறேன். 2015இல் மூணாறைக் குலுக்கிய பெண் தொழிலாளர் போராட்டத்தில் முன்னால் நின்ற கோமதி, எங்கள் சனத்துக்கு நிலமும் வீடும் வேண்டும் என்று கேட்க முதலமைச்சர் வந்த வழியில் போய் நின்றார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எழவு வீட்டிலும் நம்ம ஆள் வாய் திறக்கக் கூடாது.

சரி, இயற்கை என்கிற சொல்லுக்கு வருவோம். அது சும்மா வந்து விழுகிற சொல் இல்லை. அதற்கு விலை இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. பிற்பாடு திருத்தம் செய்து அதில் 16ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ செத்தால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. நல்லது. ஆனால் அதே வாக்கியத்துக்குள்ளேயே ஒரு கதவு. குடியிருந்தவர் தவறாலோ, இயற்கைப் பேரிடராலோ மட்டும் வீடு இடிந்திருந்தால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் போனது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 75ஆம் பிரிவில் போய்ப் பாருங்கள். அதே கதவு, அதே தாழ்ப்பாள். சட்டம் மாறியது, அந்த வார்த்தை மாறவில்லை. இப்போது சொல்லுங்கள், 'இயற்கை' என்று எழுதுகிற பத்திரிகைக்காரன் யாருக்குச் சாட்சி சொல்கிறான்?

அப்படியானால் மலை சரிவது இயற்கை இல்லையா என்று கேட்பார்கள். மழை இயற்கை. மண் இயற்கை. மண் எப்போது நிற்கும், எப்போது இறங்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு நமக்குத் தெரியாததும் இல்லை. களத்துமேட்டில் அடுத்தவன் நெல்லைக் குவித்துக் குவித்து முதுகு ஒடிந்த பரம்பரை நாம். நெல்லை எவ்வளவுதான் கூட்டிக் குவித்தாலும் அம்பாரம் ஒரு சாய்வுக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். மணலுக்கு ஒரு சாய்வு, நெல்லுக்கு ஒரு சாய்வு, சரளைக்கு ஒரு சாய்வு. மணி மணியோடு உரசிப் பிடிக்கிற பிடிதான் அதை நிறுத்துகிறது.

மலை மண்ணும் அதுதான். கீழே பாறை, மேலே பாறை மக்கி உண்டான மண். மண்ணின் கனம் அதைக் கீழே இழுக்கிறது. உராய்வும் ஒட்டும் வேரும் பிடித்து நிறுத்துகின்றன. பிடிக்கிற பலத்தை இழுக்கிற பலத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். எஞ்சினியர்கள் அதைப் பாதுகாப்புக் கெழு என்பார்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் நிற்கும், ஒன்றுக்குக் கீழே போனால் இறங்கும். நிரந்தரமாக நிற்க வேண்டிய சரிவுக்கு ஒன்றரையாவது இருக்கட்டும் என்பது வழக்கம். இதில் தண்ணீர் என்ன செய்கிறது? கொஞ்சம் ஈரம் மண்ணைப் பிடிக்கும்; பிள்ளைகள் ஈர மணலில்தான் வீடு கட்டும். ஊறி நிறைந்துவிட்டால் கதை மாறும். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் அடைபட்ட தண்ணீர் ஒன்றை ஒன்றிலிருந்து விலக்கித் தூக்கும். கனம் கூடும், பிடி விடும். எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும். இறங்கிய மண் எந்த வழியாக வரும்? தண்ணீர் வருகிற வழியாகத்தான் வரும். மலையின் மடிப்பு வழியாக, ஓடை வழியாக. ஓடை எங்கே இருக்கிறது என்பது நூறு வருஷத்துக்கு முன் லயம் கட்ட வந்தவனுக்கும் தெரியும். ஓடை இருந்ததால்தான் அங்கே கட்டினான். தண்ணிக்குக் குழாய் போட வேண்டாம் பாருங்கள்.

இந்த மடிப்பில் யாரைக் குடிவைப்பது என்பதற்கு அவனுக்கு ஊரிலேயே மாதிரி இருந்தது. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். ஊர்த் தண்ணீர் வடிந்து வந்து நிற்கிற இடம் சேரி. வெள்ளைக்காரன் மலையில் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பங்களா உச்சியில், ஆபீஸ் சனத்தின் குவார்ட்டர்ஸ் அதற்குக் கீழே, லயம் மடிப்பில். கங்காணி கூட்டிவந்த சனத்தைக் கங்காணியின் சாதிக் கண்ணோடே பிரித்துக் குடிவைத்தார்கள். வெள்ளைக்காரன் போனான். கம்பெனி பெயர்கள் மாறின. லயம் மட்டும் அதே மடிப்பில். சேரியில் வெள்ளம் வந்தால் பாயை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடலாம். மலையில் மண் வந்தால் ஓட நேரம் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அரசாங்கத்திடம் அறிவியல் இல்லையா? இருக்கிறது. சரிவு அபாயத்தை மதிப்பிட இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1998இல் ஒரு முறையை அச்சிட்டது. ஆறு காரணிகள், மொத்தம் பத்து மதிப்பெண். பாறையின் வகைக்கு 2, பாறையின் வெடிப்பும் கிடப்பும் எப்படி என்பதற்கு 2, சரிவின் சாய்வுக்கு 2, நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு 2, உயர வேறுபாட்டுக்கு 1, நிலத்தடி நீருக்கு 1. ஏழரையைத் தாண்டினால் மிக அதிக அபாயம். நல்ல முறைதான், ருர்க்கியில் உழைத்து உருவாக்கியது. இந்தப் பத்தில் கீழே யார் வீடு என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டா? கிடையாது.

ஒரு புவியியல்காரர் எனக்குப் பதில் சொன்னார். 'தம்பி, இது அபாயத்தின் கணக்கு. ஆள் கணக்கு அடுத்த கட்டம். அதுக்குப் பேரு இடர் மதிப்பீடு. என்ன அழியும், யாருக்குத் தாங்கும் சக்தி கம்மின்னு அங்கதான் பார்ப்போம்.' சரி. அந்த அடுத்த கட்டத்தில் என்ன நடக்கிறது? அழியப்போகிற சொத்துக்கு விலை போடுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைக்கு என்ன விலை போடுவீர்கள்? அது தொழிலாளியின் சொத்தும் இல்லை. எதிர்ச்சரிவில் இருக்கிற ரிசார்ட்டுக்கு என்ன விலை? விலை பார்த்து முன்னுரிமை கொடுத்தால் யார் பின்னாடி போவார்கள் என்று சொல்ல எம்.ஏ. வேண்டாம். நீலகிரியில் மலைச்சாலை ஓரச் சரிவுகளில் கம்பி செருகி, வலை விரித்து, புல் விதை தெளித்து நிறுத்துகிறார்கள். அந்த வித்தை இந்த நாட்டில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. நான் போய்ப் பார்த்த லயங்களின் பின்சுவரில் தார்ப்பாய்தான் தொங்கியது.

வரைபடமும் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2014இல் ஆரம்பித்து, நிலச்சரிவுக்கு ஆளாகக்கூடிய சுமார் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டரை வரைபடமாக்கியது. பெட்டிமுடிக்குப் பிறகு ஒரு மழைக்காலத்துக்கு முன், ஒரு மலைத்தோட்ட ஊரில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். அதிகாரி ஒருவர் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குச்சியால் காட்டிக்கொண்டிருந்தார். லயத்துப் பாட்டி ஒருவர் எழுந்தார்.

'சாரு, இதுல எங்க லயம் எங்கன இருக்கு?'

'அவ்வளவு சின்னதெல்லாம் இதுல வராதும்மா.'

'வராதா? அப்ப மண்ணுக்கு மட்டும் எங்க லயம் எப்படித் தெரியுது?'

சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த வரைபடத்தின் அளவு ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். எட்டு அறை வரிசையாக இருக்கிற லயம் 30 மீட்டர் நீளம்கூட வராது. எட்டுக் குடும்பம், எட்டு அடுப்பு, நாப்பது உசுரு. தாளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மாவட்டத்தில் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் அந்த வரைபடம் லாயக்கு. சிவப்பு விழுந்த இடத்துக்குள் இறங்கி, லயம் லயமாக நடந்து, குழி தோண்டி மண் எடுத்து, கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்த்து எண் சொல்வது அடுத்த வேலை. அணை கட்டினால் அதைச் செய்கிறார்கள், ரயில் பாதை போட்டால் செய்கிறார்கள். லயத்துக்கு எந்த ஊரில் செய்தார்கள்? காட்டுங்கள்.

கூட்டம் முடிந்து வெளியே அந்தப் பாட்டி என்னிடம் பேசினார். 'ஓடத் தண்ணி தெளிஞ்சு ஓடுறவரைக்கும் பயமில்ல தம்பி. கலங்கி, செவப்பா வந்தா மேல எங்கியோ மண்ணு அறுக்குதுன்னு அர்த்தம். மழ கொட்டுறப்ப ஓடத் தண்ணி திடீர்னு கொறஞ்சா அதவிட மோசம், மேல அடச்சு நிக்குது. கதவு நெலவுல சிக்கும். தரையில கீறல் விடும். நேத்து இல்லாத எடத்துல ஊத்து கெளம்பும். மரம் குடிச்சவன்மாரி சாயும்.' புத்தகத்தில் இருக்கிற அறிகுறிகள்தான் இவை அத்தனையும். ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த அறிவைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கைதட்டத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

சரிவைக் காப்பாற்ற முதல் வைத்தியம் தண்ணீரை வடியவைப்பது. இலங்கைத் தோட்டங்களில் அதைக் கான் வெட்டுவது என்பார்கள். யார் வெட்டியது? நாம்தான். தோட்டத்தில் ஆளைக் குறைத்தால் முதலில் நிற்கிற வேலை அதுதான் என்று நான் பேசிய தொழிலாளிகள் சொல்கிறார்கள். கொளுந்து கிள்ளாவிட்டால் அன்றைக்கே நஷ்டம் தெரியும். கான் அடைத்தால் பத்து மழை கழித்துத்தான் தெரியும். தெரிகிறபோது தெரிவது கம்பெனிக்கு அல்ல.

தெரியாமல் போச்சு, முன்கூட்டியே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருப்போம் என்பவர்களுக்கு மீரியபெத்த பதில் சொல்லும். இலங்கை, பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்குப் பக்கம். 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள் புதைந்தார்கள். அந்த இடம் ஆபத்து, சனத்தை மாற்றுங்கள் என்று அந்த நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் சொல்லியிருந்தது. ஒன்பது வருஷம். அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. மாறிப்போக நிலம் வேண்டுமே? தீவையே தேயிலையால் தூக்கி நிறுத்திய சனத்துக்குப் பாதுகாப்பான சரிவில் ஒரு துண்டு நிலம் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயலில் அதே மலைநாடு மறுபடி சரிந்தது. இலங்கை முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள்.

இப்போது எதிர்த்தரப்புக்கு வருவோம். 'எல்லாவற்றிலும் சாதியா? வயநாட்டில் எல்லாச் சாதியும்தானே செத்தது?' 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கையும் சூரல்மலையும் போயின. அரசுக் கணக்கில் 298 பேர். அதே மேப்பாடிப் பக்கம் 2019 ஆகஸ்ட் 8இல் புத்துமலையில் 17 பேர். 2024 டிசம்பர் 1இல் திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர், அதில் ஐந்து குழந்தைகள். ஆமாம், மண் யாரையும் பிரித்துப் பார்த்துப் புதைப்பதில்லை. எல்லார் சாவும் சாவுதான். நான் கேட்பது வேறு. வேறு இடம் வாங்கிப் போக முடிந்தும் அங்கே இருந்தவர் எத்தனை பேர், போக வழியே இல்லாமல் இருந்தவர் எத்தனை பேர்? இந்தக் கணக்கை எடுத்தால் சாதி தானாக மேலே மிதந்து வரும். எடுக்கத்தான் மாட்டேன் என்கிறீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, 'மலையைக் காப்போம்' கூட்டம். ஆக்கிரமிப்பால்தான் மலை சரிகிறது என்பார்கள். வயநாட்டுக்குப் பிறகு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சரும் அதையே சொன்னார். சட்டவிரோதக் குடியிருப்பும் சுரங்கமும் காரணமாம். குவாரியையும் ரிசார்ட்டையும் நிறுத்துங்கள், நாங்களும் கூட வருகிறோம். ஆனால் லயத்து மனுஷன் எதை ஆக்கிரமித்தான்? கங்காணி கூட்டி வந்தான், கம்பெனி அறை கொடுத்தது, எண் போட்ட கதவுக்குள் நாலு தலைமுறை. சோலைக்காட்டை வெட்டித் தேயிலை நடச் சொன்னது யார்? வெட்டிய கை நம்முடையது. வெட்டச் சொன்ன வாய் யாருடையது? மலையைக் காப்பாற்று என்று ஆரம்பித்து, மலையிலிருந்து தலித்தையும் ஆதிவாசியையும் மட்டும் இறக்கிவிட்டு முடிகிற சூழலியல் நமக்கு வேண்டாம்.

எச்சரிக்கைக்கு வருவோம். இலங்கையில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் கவனமாக இரு, 100 பெய்தால் தயாராகு, 150 பெய்தால் வெளியேறு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எளிமையானது. ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் போதும். முண்டக்கை விஷயத்தில், கல்பற்றாவில் இருக்கிற ஹியூம் மையம் சொந்த மழைமானிகளின் கணக்கை வைத்துப் பதினாறு மணி நேரம் முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கு ஆபத்து என்று சொன்னது. பிற்பாடு டெல்லி, நாங்கள் எச்சரித்தோம் என்றது. திருவனந்தபுரம், சரியாக எச்சரிக்கவில்லை என்றது. பிணம் சாலியாற்றில் மிதக்கும்போதே இந்தப் பஞ்சாயத்து.

எச்சரிக்கை சரியாகவே வந்தது என்று வையுங்கள். வெளியேறு என்கிறீர்கள். எங்கே? மழை பெய்கிற நாளெல்லாம் ஓடினால் கூலி யார் தருவது? வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தொடர்ந்து போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயமும் இல்லை. பல தோட்டங்களில் ஓய்வு பெற்றவர் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும். அறையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிள்ளையைத் தோட்டத்துக்கே நேர்ந்துவிடுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். மேலே மலை இறங்கிவிடுமோ என்கிற பயமும், கீழே ஊரில் ஒரு சென்ட் இல்லையே என்கிற பயமும். இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் அந்த ராத்திரி படுத்துத் தூங்கினார்கள்.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பத்துக்குக் குற்றியாறுவாலியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். செத்தால்தான் வீடு என்றால், இன்னும் மடிப்புகளில் நிற்கிற லயங்களுக்கு என்ன பதில்? அவர்களும் வரிசையில் நிற்க வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது நிவாரணம் இல்லை. ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனியாகச் சரிவுச் சோதனை நடக்க வேண்டும். அந்த எண்ணைத் தமிழிலும் அந்தந்த ஊர்ப் பேச்சிலும் லயத்துச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். மழைமானி தொழிலாளி கையில் இருக்க வேண்டும், வெளியேறலாமா என்கிற முடிவும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். வெளியேறிய நாளுக்கு முழுக்கூலி வேண்டும். ஓடை மடிப்பில் இருக்கிற லயங்களைக் காலி செய்து, உறுதியான சரிவில், வேலையோடு முடிச்சுப் போடாமல், பெண்கள் பெயரில் பட்டாவோடு நிலம் தரவேண்டும். பங்களா நிற்கிற சரிவு உறுதியானது என்று நூறு வருஷமாக நிரூபித்திருக்கிறார்கள். அங்கேயே அளக்க ஆரம்பிக்கலாம். ஆபத்து தெரிந்த இடத்தில் தொழிலாளியைக் குடிவைத்தவன் இயற்கையின் பின்னால் ஒளிய முடியாதபடி 75ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். தெரிந்த சரிவு இயற்கைப் பேரிடர் ஆகாது என்று ஒரு வரி போதும்.

தோழர்களே, அடுத்த தென்மேற்குப் பருவத்திலும் எங்கோ ஒரு மடிப்பு இறங்கும். மறுநாள் பேப்பரில் இயற்கைச் சீற்றம் என்று வரும். அந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள். அந்த லயத்தை அந்த இடத்தில் கட்டச் சொன்னது யார், இத்தனை வருஷம் அங்கேயே வைத்திருந்தது யார் என்று பேர் கேட்டு எழுதுங்கள். மழைக்குப் பேர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பேரும் தெரிந்திருக்கும்.